துறைமுகச் சாலை உப்பளத்தில் பாதி வாசித்த கால்கொடி: மாசி மாதம் வளையம் வாசிப்பது எப்படி?

#1 தெற்குக்கரை

வணக்கம். தூத்துக்குடி துறைமுகச் சாலை ஓரத்து உப்பளத்தில் நேற்று வளைமூக்கு உள்ளான் கூட்டம், ஏறக்குறைய 240. ஆங்கிலப் பட்டியல்களில் கர்லூ சாண்ட்பைப்பர் என்று வருமே, அதேதான். ஒன்றின் இடது காலில், முட்டிக்கு மேலே, ஒரு பிளாஸ்டிக் கொடி (பறவையை அடையாளம் காண ஆய்வாளர்கள் காலில் மாட்டும் எழுத்துப் பட்டை). நிறம் வெள்ளையா, வெளிறிய மஞ்சளா என்று தீர்மானிக்க முடியவில்லை. முதல் எழுத்து 'கே' (K) போல இருக்கிறது. அடுத்தது 8 அல்லது 'பி' (B). மூன்றாவது தெரியவில்லை.

நேரம் காலை 10:10, தூரம் 90 மீட்டர் இருக்கும், ஸ்கோப்பில் (முக்காலித் தொலைநோக்கியில்) 60 மடங்கு. மூன்று படம் தேறியது.

1. இது எந்த நாட்டுக் கொடி?
2. பாதி வாசித்ததை அனுப்பலாமா?
3. அடுத்த வாரம் மீன்பிடித் துறைமுகப் பக்கம் கடற்காகங்களின் கால்களைப் பார்க்கப் போகிறோம். எந்த நேரம் சரி?

#2 ஆலாக்கண்

தம்பி, முதல் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் நான்கு விஷயம்.

ஒன்று, இடது கால் யாருடைய இடது? பறவையின் இடதைத்தான் எழுத வேண்டும். உங்களைப் பார்த்து நிற்கும் பறவைக்கு அது உங்கள் வலப்பக்கம் வரும். தப்பாகப் போகும் பதிவுகளில் பெரும்பங்கு இதனால்தான் வீணாகிறது. மூன்று படத்திலும் பறவை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று பாருங்கள்.

இரண்டு, 'முட்டி' என்ற சொல். நம் கண்ணுக்கு முட்டியாகத் தெரியும் அந்த மடிப்பு உண்மையில் கணுக்கால். அதற்கு மேலே உள்ளது கெண்டைப் பகுதி, கீழே உள்ளது பாத எலும்பு. பதிவில் 'மடிப்புக்கு மேல்', 'மடிப்புக்குக் கீழ்' என்று எழுதினால் குழப்பம் வராது. இரண்டு காலுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். 'வலது காலில் ஒன்றுமில்லை' என்பதும் ஒரு தகவல். 'வலது கால் தெரியவில்லை' என்பது வேறு தகவல். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

மூன்று, உலோக வளையம் எங்கே? கொடி போட்ட பறவைக்கு எங்கோ ஓர் உலோக வளையமும் இருக்கும். அது எந்தக் காலில், மடிப்புக்கு மேலா கீழா என்பதை வைத்தே வளையமிட்ட இடத்தைப் பல நேரம் சுருக்கிவிடலாம்.

நான்கு, 10 மணிக்கு 60 மடங்கு. மாசி வெயிலில் உப்புப் பாத்திக்கு மேலே கானல் 9 மணிக்கே எழுந்துவிடும். அப்போது 60 மடங்கு வைத்தால் கானலைத்தான் பெரிதாக்குகிறீர்கள். 20-ல் தேடுங்கள், 30 அல்லது 40-ல் வாசியுங்கள். விடிந்ததிலிருந்து 8:30 வரைதான் வாசிப்பு நேரம். அதன் பிறகு எண்ணிக்கை எடுக்கலாம், எழுத்து வாசிக்க வேண்டாம்.

இப்போது நிறம். வடமேற்கு ஆஸ்திரேலியா மஞ்சள், விக்டோரியா மாநிலம் ஆரஞ்சு, நியூசிலாந்து வெள்ளை. ஹாங்காங் வெள்ளையும் மஞ்சளும் சேர்த்து, ஷாங்காய் அருகே சோங்மிங் தீவு கறுப்பும் வெள்ளையும் சேர்த்து. நம் பி.என்.எச்.எஸ். (பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம்) குழுவும் கொடி போடுகிறது. சில வருட வெயிலில் மஞ்சள் வெளிறி வெள்ளை போல ஆகும், ஆரஞ்சு வெளிறி மஞ்சள் போல ஆகும். ஆகவே நிறத்தை மட்டும் வைத்து ஊர் சொல்லாதீர்கள். 'வெள்ளை அல்லது வெளிறிய மஞ்சள்' என்றே எழுதுங்கள். முடிவு செய்வது வளையமிட்டவர்களின் வேலை.

#3 கொசுஉள்ளான்

இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். இந்தக் கரையில் கடல் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. மற்ற கடற்கரைகளுக்கு எழுதிய 'ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு போ' என்ற குறிப்பு இங்கே பெரிதாக உதவாது. இங்கே பறவை எங்கே நிற்கும் என்பதைப் பாத்தியின் தண்ணீர் மட்டமும் காற்றும்தான் தீர்மானிக்கின்றன.

வடகிழக்கு மழை டிசம்பரில் ஓய்ந்ததும் உப்பளத்தில் வேலை தொடங்கும். தை, மாசியில் பாத்திகள் வெவ்வேறு நிலையில் இருக்கும். கடல்நீர் முதலில் நிற்கும் பெரிய தேக்கத்தில் உப்புக் குறைவு, புழு பூச்சி அதிகம். உள்ளான்கள் இரை எடுப்பது பெரும்பாலும் அங்கேதான். அடுத்தடுத்த பாத்தியில் செறிவு ஏறும். 25 டிகிரி போமேயை (உப்புநீரின் செறிவை அளக்கும் அளவு) தொட்டால் உப்பு படியத் தொடங்கிவிடும். அந்தப் பாத்தியில் உள்ளானுக்குச் சாப்பாடு இல்லை, ஆனால் வரப்பில் வந்து ஓய்வெடுக்கும். இரை எடுக்கும் பறவை ஓடிக்கொண்டே இருக்கும், காலும் பாதி தண்ணீருக்குள். ஓய்வெடுக்கும் பறவை அசையாது, ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும். இரை முடித்து வரப்புக்கு ஏறும் அந்த 10, 15 நிமிடம்தான் இரண்டு காலும் வெளியே தெரியும் நேரம். அதற்காகக் காத்திருங்கள்.

தண்ணீர் மிகவும் ஆழம் குறைந்த பாத்தியைத் தேர்ந்தெடுங்கள். ஆழம் கூடினால் வளைமூக்கு உள்ளானுக்கு வயிறு வரை வந்துவிடும், கொடி தெரியாது.

இன்னொரு தொல்லை உப்புப் பொருக்கு. செறிவான பாத்தியில் நின்ற பறவையின் கொடியில் வெள்ளைப் பொருக்கு ஏறிக்கொள்ளும். 'கே' என்று தெரிவது 'ஆர்' (R) ஆகவும் இருக்கலாம். பறவை இறகு கோதிக் குளிக்கும் வரை பொறுங்கள், கரைந்துவிடும்.

#4 தெற்குக்கரை

நன்றி அண்ணாச்சி. படங்களைத் திரும்பப் பார்த்தேன். இரண்டு படத்தில் பறவை என்னை நோக்கி நிற்கிறது. அப்படியானால் கொடி வலது காலில். மூன்றாவதில் பக்கவாட்டில் நிற்கிறது, முன்னால் இருக்கும் கால் எது என்றே சொல்ல முடியவில்லை. வலது காலின் மடிப்புக்குக் கீழே ஏதோ மின்னுகிறது. உலோகமா, தண்ணீரா தெரியவில்லை.

வளையம் எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் வாசிக்கவும் எளிதாக இருக்கும் என்று தோன்றுகிறது. கல்லூரியில் ஆறு பேர் ஆர்வமாக இருக்கிறோம். வலை வாங்கி நாமே சிறிய அளவில் செய்யலாமா?

#5 சேற்றுத்தடம்

தம்பி, கடைசி வரிக்கு முதலில் பதில்: கூடாது. 1972-ஆம் ஆண்டு காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி, ஆய்வுக்காகப் பிடிப்பதற்கும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும். பழக்கமில்லாத கை வலையிலிருந்து பறவையை எடுத்தால் சிறகெலும்பு போகும். அனுமதி பெற்ற குழு கோடியக்கரை போன்ற இடத்தில் வேலை செய்யும்போது உதவியாளராகச் சேர்ந்து, கொஞ்ச காலம் பை தூக்கி, குறிப்பு எழுதி, அதன் பிறகு பறவையைக் கையில் வாங்குவதுதான் வழி. 1959-இல் பறவையியலாளர் சலீம் அலி தலைமையில் பி.என்.எச்.எஸ். பெரிய அளவில் வளையமிடத் தொடங்கியதிலிருந்து அந்த வேலையில் பரம்பரைப் பறவை பிடிப்பவர்களின் கைத்திறனும் சேர்ந்திருக்கிறது. அது படித்து வருவது அல்ல.

செய்முறை கேட்டீர்கள், வாசிப்பவருக்குப் பயன்படும் அளவுக்குச் சொல்கிறேன்.

நீர்ப்பறவைக்கு நிலா இல்லாத இரவு. 12 மீட்டர் நீள மெல்லிய வலை, நான்கு அடுக்கு, ஆழமில்லாத நீரில் மூங்கில் கம்பத்தில் கட்டுவார்கள். பறவை விழுந்தால் அடுக்கு பையாகத் தொங்கும். ஆகவே கீழ் அடுக்கு, பறவையின் எடையோடு தொய்ந்த பிறகும், நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். இதில் ஒரு சாண் தவறினால் பறவை மூழ்கிச் சாகும். காற்று எழுந்தால் வலை உப்பித் தெரிந்துவிடும், மாட்டியதும் இறுகிக்கொள்ளும். உடனே சுருட்டிவிட வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை வலையைச் சுற்றிப் பார்க்க ஆள் இல்லையென்றால் வலை விரிக்கவே கூடாது.

எடுப்பது: எந்தப் பக்கமிருந்து பறந்து வந்து விழுந்தது என்று பார்த்து, அந்தப் பக்கமிருந்தே எடுக்க வேண்டும். முதலில் கால், பிறகு சிறகு, தலை கடைசி. சிறியவை துணிப்பையில். கோட்டான் (ஆந்தை அல்ல, நீண்டு வளைந்த மூக்குள்ள கரைப்பறவை), மூக்கன் போன்ற நெடுங்கால் பறவைகளைப் பையில் போடக் கூடாது, நிற்க உயரமுள்ள இருட்டான கூண்டில் வைக்க வேண்டும். காலை மடக்கி வைத்தால் தசை பழுதாகி, விட்ட பிறகு எழுந்து நிற்க முடியாமல் போகும்.

வளையம்: அளவுக்கேற்ற ஓட்டையுள்ள இடுக்கியில் வைத்து ஒரு தடவை அழுத்தி, கால் சுற்று திருப்பி இன்னொரு தடவை அழுத்துவார்கள். இரு முனையும் முடியிழை நுழையாமல் ஒட்ட வேண்டும். இடைவெளி விட்டால் தூண்டில் நரம்பு சிக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டால் காலை அறுக்கும். வளையம் தானாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் நகர வேண்டும், மடிப்பைத் தாண்டக் கூடாது. உப்புநீரில் அலுமினியம் தேய்ந்து எண் அழிந்துபோகும் என்பதால்தான் கடலோரப் பறவைக்கு எஃகு போன்ற கடின உலோகத்தை விரும்புகிறார்கள், முடிந்தால் மடிப்புக்கு மேலே போடுகிறார்கள்.

அதன் பிறகு அளவு. சிறகை அளவுகோலில் தட்டையாக, நேராக வைத்து 1 மி.மீ. துல்லியம். அலகின் (மூக்கின்) நீளம் 0.1 மி.மீ. எடை, பையோடு நிறுத்துப் பையைக் கழித்து. பத்து முதன்மைச் சிறகிறகுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பு: பழையது 0, முழுதும் வளர்ந்த புதியது 5. ஆக முழு மதிப்பு 50.

மாசியில் இந்த இறகு மதிப்புதான் தங்கம். முதிர்ந்த வளைமூக்கு உள்ளான் சிறகிறகு மாற்றத்தை அனேகமாக முடித்திருக்கும், பத்தும் ஒரே கறுப்பு. போன வருடம் பிறந்த குஞ்சு வெளிப்புறத்து மூன்று நான்கை மட்டும் மாற்றும். உள் இறகுகள் பழுப்பாக, நுனி தேய்ந்து கிடக்கும், வெளியே உள்ளவை பளிச்சென்று இருக்கும். சிறகை விரிக்கும்போது படம் எடுத்தால் ஸ்கோப்பில் பார்ப்பவரும் வயது சொல்லலாம். இந்த இளம் பறவைகளில் பல கோடையிலும் இங்கேயே தங்கிவிடும். வயது தெரிந்தால் ஜூனில் பார்க்கும் கொடிக்கும் அர்த்தம் கிடைக்கும்.

#6 ஆலாக்கண்

அக்கா சொன்ன சிறகுப் படம் விஷயத்தை அடிக்கோடிடுகிறேன். கொடி தெரிந்ததும் எல்லோரும் காலையே படம் எடுக்கிறார்கள். பறவை சிறகை நீட்டிச் சோம்பல் முறிக்கும்போது ஒரு படம், முகம் ஒரு படம் கட்டாயம் வேண்டும். இனத்தையே தவறாக எழுதிய கொடிப் பதிவு எதற்கும் உதவாது.

எழுத்துக் குழப்பம்: 8-உம் 'பி'-யும், 5-உம் 'எஸ்'-உம், 2-உம் 'இசட்'-உம், சைபரும் 'ஓ'-வும் 'டி'-யும் (D). கொடி சுழன்று தலைகீழாக வந்தால் 6, 9 ஆகிவிடும். உங்கள் 8-க்கு ஒரு சோதனை இருக்கிறது. இடதுபுற விளிம்பு நேர்க்கோடா வளைவா என்று, குறைந்தது மூன்று வெவ்வேறு கோணப் படத்தில் பாருங்கள். ஒரு படத்தில் நேராகத் தெரிவது கொடியின் வளைவால் இருக்கலாம்.

#7 வாடைக்காற்று

மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லை, கடற்காகம் என் பக்கம்.

நாளைப் பாருங்கள் முதலில். இங்கே விசைப்படகுகள் விடியும் முன்னே புறப்பட்டு இரவுதான் திரும்பும். ஆகவே மீன்பிடித் துறைமுகத்தில் காலை 9 மணிக்குப் போனால் வெறும் தளம். நாட்டுப்படகும் வள்ளமும் கரை சேரும் திரேஸ்புரம், தருவைகுளம் பக்கம் காலையில் மீன் பிரிக்கும்போதுதான் கடற்காகங்கள் கீழே இறங்கும். ஞாயிற்றுக்கிழமை மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை, கழிவு மீன் கிடையாது. அன்று அவை முயல் தீவுக் கடற்கரையிலும் அலைதாங்கிக் கற்களிலும் உட்கார்ந்திருக்கும். அசையாமல் உட்கார்ந்திருப்பதால் உலோக வளையம் வாசிக்க ஞாயிறு நல்லது.

துறைமுக வளாகம் பாதுகாப்புப் பகுதி. மதில் ஓரமாகக் கேமராவைத் தூக்காதீர்கள், பொதுக் கடற்கரையோடு நிறுத்துங்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது.

உலோக வளையத்தை ஒரே படத்தில் வாசிக்கவே முடியாது. எண் வளையத்தைச் சுற்றி ஓடும், ஒரு பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் தெரியும். 400 மி.மீ. லென்ஸ், 15 முதல் 20 மீட்டர், மணலில் படுத்துக்கொண்டு, பறவை நடக்க நடக்கத் தொடர்ச்சியாகச் சுடுங்கள். 50 படத்தில் 4 கோணம் கிடைத்தால் ஒட்டி வாசித்துவிடலாம். எண் முழுதும் கிடைக்காவிட்டாலும் முகவரி எழுத்தை விடாதீர்கள். நம் வளையத்தில் பாம்பே என்ற பெயர் இருக்கும், ரஷ்ய வளையத்தில் மாஸ்க்வா.

இந்த மாதம் இனம் பிரிக்க: பெரிய கருந்தலைக் கடற்காகம், ஆங்கிலத்தில் பல்லாஸ் கல் (Gull) என்பார்களே, அது எல்லோருக்கும் முன்னால் பிப்ரவரியிலேயே தலை கறுத்துவிடும். பழுப்புத்தலை மார்ச்சில்தான் நிறைவாகும். முதிர்ந்ததின் கண்மணியைச் சுற்றி வெளிர் நிறம், அதைப் பாருங்கள். ஹியூக்ளின் கடற்காகம் சிறகிறகை மிகத் தாமதமாக மாற்றும். பிப்ரவரியில் வெளி இறகு இரண்டும் பாதி வளர்ந்திருக்கும். ஆகவே சிறகு நுனியின் வெள்ளைப் புள்ளியை வைத்து இனம் முடிவு செய்யாதீர்கள். முதுகின் கருஞ்சாம்பல் அடர்த்தியும் வெளி இறகு இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதும் சேர்ந்தால் நம்பலாம்.

#8 கொசுஉள்ளான்

15 மீட்டர் என்று படித்துவிட்டு யாராவது உள்ளான் கூட்டத்துக்கும் அதையே செய்துவிடப் போகிறார்கள். கடற்காகம் மனிதனுக்குப் பழகியது. உள்ளானுக்கு வரப்பில் நடந்து 60 மீட்டருக்குள் போகவே வேண்டாம்.

#9 ஆலாக்கண்

எண்ணை வைத்துச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நிறுத்திய வண்டிக்குள் இருந்து 30 மீட்டரில் கூட்டம் நிம்மதியாக மேய்வதுண்டு. நடந்து போனால் 100 மீட்டரிலும் எழுந்துவிடும். தூரத்தை விடப் பறவையைப் பாருங்கள். மேய்ச்சல் நின்று தலைகள் ஒன்றாக உயர்ந்தால் நில்லுங்கள். உங்களுக்கு எதிர்த் திசையில் நடக்கத் தொடங்கினால் பின்வாங்குங்கள். சிறகை உயர்த்திக் காட்டினால் ஏற்கனவே தாமதம்.

#10 சேற்றுத்தடம்

ஆலாக்கண் அண்ணா சொன்ன அடையாளங்கள் சரி. ஆனால் புதிதாக வருபவருக்கு 60 மீட்டர் என்ற எல்லையும் இருக்கட்டும். காரணம் மாதம். ஜனவரியில் 20 முதல் 24 கிராம் இருக்கும் கொசு உள்ளான் என்னும் சிறு கரைப்பறவை, புறப்படும் முன் 30 கிராமைத் தாண்ட வேண்டும். அந்தக் கொழுப்பு மாசி, பங்குனியில்தான் ஏறுகிறது. இந்த வாரங்களில் ஒரு காலையில் நான்கு முறை எழுப்பிவிட்ட கூட்டத்துக்கு அன்றைய மேய்ச்சலில் ஒரு பகுதி போய்விட்டது. ஒரு கொடிக்காக 240 பறவையைக் கிளப்புவது நியாயம் இல்லை. எழுத்து வராவிட்டால் விட்டுவிடுங்கள், நாளையும் அதே பாத்திக்கு வரும். நாய் வரப்பில் ஏறினாலும் அன்றைக்கு வாசிப்பை நிறுத்திவிடுங்கள்.

கூடவே இன்னொன்று. வளையத்தோடு இறந்த பறவை கிடைத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், பறவைக் காய்ச்சல் அபாயம் உண்டு. வளையத்தை எல்லாப் பக்கமும் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். உயிரோடு இருக்கும் பறவையின் வளையத்தை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றக் கூடாது.

#11 தெற்குக்கரை

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை 6:50-லிருந்து அதே இடத்தில் வண்டிக்குள்ளிருந்து பார்த்தோம். பதிவு இப்படி எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்:

இனம்: வளைமூக்கு உள்ளான். இடம்: துறைமுகச் சாலை உப்பளம், முதல் தேக்கத்தின் வடக்கு வரப்பு, அட்சரேகை தீர்க்கரேகையோடு. நேரம் 7:35. இடது கால்: மடிப்புக்கு மேல் ஒன்றுமில்லை, கீழே ஒன்றுமில்லை. வலது கால்: மடிப்புக்கு மேல் கொடி, வெள்ளை அல்லது வெளிறிய மஞ்சள், எழுத்து 'கே', அடுத்து 8 அல்லது 'பி', மூன்றாவது 'டி' (T). மடிப்புக்குக் கீழே உலோக வளையம், எண் வாசிக்கவில்லை. சிறகிறகு: வெளிப்புறம் மூன்று புதியது, உள்ளே தேய்ந்தது. இணைப்பு: 11 படம்.

#12 ஆலாக்கண்

நன்றாக இருக்கிறது தம்பி. 8-ஐயும் 'பி'-யையும் தீர்மானிக்காமல் விட்டதுதான் சரி. வளையமிட்டவர்களின் பட்டியலில் இரண்டில் எது வளைமூக்கு உள்ளானுக்குப் போட்டது என்று அவர்களே பார்த்துவிடுவார்கள். பி.என்.எச்.எஸ்.-க்கு அனுப்புங்கள், வெளிநாட்டுக் கொடி என்றால் அந்தக் குழுவுக்கு அவர்கள் வழியாகவே போகும்.

ஒன்று விட்டுப்போயிற்று. இன்று இரண்டு காலும் தெளிவாகப் பார்த்த பறவைகள் மொத்தம் எத்தனை? கூட்டத்தின் எண்ணிக்கை வேண்டாம், கால் பார்த்த எண்ணிக்கை. 150 காலைப் பார்த்து ஒரு கொடியா, 20 பார்த்து ஒன்றா என்பதில் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அந்த எண் இருந்தால்தான் கொடி போட்டவற்றின் பங்கைக் கணக்கிட முடியும்.

#13 தெற்குக்கரை

குறித்து வைத்திருக்கிறேன் அண்ணாச்சி: இரண்டு காலும் தெரிந்தவை 86, கொடி 1. பதிவில் சேர்த்து அனுப்புகிறேன்.